வாய்பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்

வேதியியல் பாடநூல் எழுதுவோருக்கும் பாடத்திட்டம் வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

தொடக்கநிலை வேதியியல் நூல் எதைப் புரட்டினாலும் ஓர் அட்டவணை கண்ணில் படும். ஒரு கட்டத்தில் சேர்மத்தின் பெயர், அடுத்த கட்டத்தில் அதன் வாய்பாடு. சோடியம் குளோரைடில் தொடங்கிப் பொட்டாசியம் டைகுரோமேட் வரை வரிசையாகப் பெயர்கள் ஓடும். மாணவர்கள் அதை உருப்போட்டுத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். பாதுகாப்பைப் பற்றிய பேச்சு அதே நூலில் வேறொரு மூலையில் இருக்கிறது. ஆய்வகத்தில் ஓடக்கூடாது, எதையும் சுவைக்கக்கூடாது, ஆசிரியர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரு சேர்மத்தின் பெயர்கூட இருக்காது.

உங்களிடம் நான் கேட்பது, அந்த அட்டவணையில் மூன்றாவதாக ஒரு கட்டம். இந்தப் பொருள் தோலில் பட்டால், மூச்சில் போனால், வயிற்றுக்குள் இறங்கினால், வேறொன்றோடு கலந்தால் என்ன செய்யும் என்று சொல்லும் கட்டம். பின்னிணைப்பில் போட வேண்டாம். பெயரும் வாய்பாடும் நிற்கிற அதே வரியில் போடுங்கள்.

வேதியியல் கற்பிப்பது என் தொழில். பெயரிடும் முறையை நான் சலிப்பான பாடமாக நினைத்ததே இல்லை. ஆனால் அதை நாம் சொல்லித் தரும் விதத்தில் அதன் உயிர்நாடி விடுபட்டுப் போகிறது என்பதே என் ஆதங்கம். ஓர் எழுத்து மாறினால், காலடியில் ஓர் எண் மாறினால் பொருளே மாறிவிடும் என்கிறோம். மாறிய பொருள் ஆளைக் கொல்லுமா என்பதைச் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

ஆல்ஃபிரட் ஸ்டாக்கிடமிருந்து தொடங்குகிறேன். உலோகத்தின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணில் ஆக்சிஜனேற்ற நிலையை, அதாவது அதன் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாகக் கணக்கு என்பதை, எழுதுகிறோமே, அந்த வழக்கத்தை 1919இல் முன்மொழிந்த ஜெர்மானியர் அவர். பெரஸ், பெரிக் என்று குழம்பிக்கொண்டிருந்த இடத்தில் இரும்பு இரண்டு, இரும்பு மூன்று என்று தெளிவு வந்தது அவரால்தான். அந்தப் பங்களிப்பை எல்லா நூல்களும் எடுத்துக்கொண்டன. அவர் வாழ்க்கையின் மறுபாதியை ஏனோ விட்டுவிட்டன. போரான், சிலிக்கான் ஹைட்ரைடுகளை ஆராய்ந்த அவருடைய வெற்றிடக் கருவிகளில் பாதரசம் நிறைந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் தலைவலி, தலைச்சுற்றல், நினைவு தடுமாறுதல். ஆய்வறைக் காற்றில் கலந்திருந்த பாதரச ஆவிதான் காரணம் என்று 1920களின் நடுவில்தான் தெரியவந்தது. 1926இல் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றி அவரே கட்டுரை எழுதி மற்ற ஆய்வாளர்களை எச்சரித்தார். பிறகும் பல ஆண்டுகள் அந்த நச்சை அளப்பதற்கும் தவிர்ப்பதற்கும் வழிகளைத் தேடினார். பெயர் வைக்கக் கற்றுக்கொடுத்தவரே பாதுகாப்பையும் கற்றுக்கொடுத்தார். நம் நூல்களில் முதலாவது மட்டும் இருக்கிறது.

அவருடைய முறையை விளக்க நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டே பாதரசத்தின் இரண்டு குளோரைடுகள்தான். பாதரசம் ஒன்று குளோரைடு, பாதரசம் இரண்டு குளோரைடு. முன்னதில் இரண்டு பாதரச அணுக்கள் தமக்குள் பிணைந்து இரண்டு குளோரினோடு சேர்ந்திருக்கும். பின்னதில் ஒரு பாதரசத்துக்கு இரண்டு குளோரின். மாணவர் அறிய வேண்டியது இத்தோடு முடிகிறதா? முன்னது நீரில் ஏறக்குறையக் கரையாது. கலோமல் என்ற பெயரில் நூற்றாண்டுகளாக அதை மருந்தாகவே கொடுத்துவந்தார்கள். பின்னது நன்றாகக் கரையும், குடலையும் சிறுநீரகத்தையும் அழிக்கும் கொடிய நஞ்சு. அப்படியானால் முன்னது பாதுகாப்பானது என்று முடிவுகட்டலாமா? அதுவும் கூடாது. பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற பொடிகளில் கலோமல் இருந்தது. கை கால்கள் சிவந்து, தோல் உரிந்து, குழந்தைகள் ஓயாமல் அழும் ஒரு நோய்க்கு அதுவே காரணம் என்று 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டுபிடித்தார்கள். பொடிகளிலிருந்து கலோமலை நீக்கியதும் அந்த நோய் ஏறக்குறைய மறைந்துபோனது. ஒரே ஓர் இணைக்குள் பெயரிடல், வாய்பாடு, கரைதிறன், உடலின் மீதான விளைவு நான்கும் கைகோத்து நிற்கின்றன. நாமோ முதலிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

நைட்ரேட்டும் நைட்ரைட்டும் இன்னும் நெருங்கியவை. தமிழில் எழுதும்போது ரே, ரை என்று ஓர் உயிர்க்குறிதான் வேறுபாடு. வேகமாக எழுதிய லேபிளில் அதைப் பிரித்தறிவது கடினம். வாய்பாட்டில் ஆக்சிஜனின் காலடியில் 3 இருந்தால் சோடியம் நைட்ரேட், 2 இருந்தால் சோடியம் நைட்ரைட். சோடியம் நைட்ரைட் பார்வைக்குச் சமையல் உப்பைப் போலவே இருக்கும், சுவையும் உப்பு. 1944இல் நியூயார்க் நகரில், ஒரே உணவகத்தில் காலையில் ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்ட 11 பேர் உடல் நீலம் பாரித்து மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தார்கள். கஞ்சியில் சமையல் உப்பு என்று நினைத்துப் போட்டது சோடியம் நைட்ரைட். ஒருவர் இறந்துபோனார். நைட்ரைட் அயனி ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை இரண்டிலிருந்து மூன்றாவது ஆக்சிஜனேற்ற நிலைக்குத் தள்ளிவிடுகிறது. மூன்றாம் நிலைக்குப் போன இரும்பால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தும் உடல் மூச்சுக்குத் தவிக்கும்.

ஸ்டாக்கின் ரோமன் எண்கள் இங்கே ஒரு மனிதனின் இரத்தத்தில் நடக்கின்றன. இரும்பு இரண்டுக்கும் இரும்பு மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு மாணவி கேட்டால், இதைவிட மறக்க முடியாத விடை ஏதாவது இருக்கிறதா? அதே நைட்ரைட்டை மருத்துவர்கள் சயனைடு நஞ்சுக்கு மாற்று மருந்தாக ஊசியில் ஏற்றுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இரும்பு மூன்று சயனைடை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் கணக்கிட்ட அளவில் அந்த இரும்பை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். நைட்ரேட்டைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். பெரியவர்களுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட், குடிநீரில் மிகுந்தால் கைக்குழந்தையின் உடலில் பாக்டீரியாவால் நைட்ரைட்டாக மாறி அதே நீலத்தைக் கொண்டுவரும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது பேரியம். என்னைக் கேட்டால் பாடநூல்கள் தவறவிடும் வாய்ப்புகளில் இதுவே பெரியது. சல்ஃபேட்டைக் கண்டறியும் சோதனையில் வெள்ளை வீழ்படிவு வருகிறது, அது பேரியம் சல்ஃபேட் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. நீரில் கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு என்பதைச் சில நூல்கள் சொல்கின்றன. அப்படிப்பட்ட பேரியத்தின் சல்ஃபேட்டையே குடல் தெரியும்படி எக்ஸ்ரே எடுக்க நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்பதையும், ஏன் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதையும் மிகச் சில நூல்களே சொல்கின்றன.

பேரியம் சல்ஃபேட் நீரிலும் கரையாது, இரைப்பையில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கரையாது. சல்ஃபேட், வலிமை மிகுந்த அமிலத்தின் அயனி. ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்ள அதற்கு நாட்டமில்லை. பேரியம் கார்பனேட்டும் வெண்மையான தூள்தான், அதுவும் நீரில் கரையாததுதான். கரைதிறன் அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் கார்பனேட் அமிலத்தைக் கண்டதும் கார்பன் டைஆக்சைடாக நுரைத்து வெளியேறும், பேரியம் அயனி கரைந்து உடலுக்குள் புகும். எலிக்கு வைக்கும் நஞ்சாக அதைப் பயன்படுத்தியதும் இதனால்தான். 2003இல் பிரேசிலில் எக்ஸ்ரேவுக்காகக் கொடுத்த பேரியம் சல்ஃபேட்டில் பேரியம் கார்பனேட் கலந்திருந்தது. நோயைக் கண்டறியப் போனவர்கள் பலர் அதைக் குடித்து இறந்தார்கள். கார்பனேட்டோடு அமிலம் வினைபுரிந்தால் கார்பன் டைஆக்சைடு வெளிவரும் என்பது வேதியியல் பழகத் தொடங்கியவருக்கும் தெரிந்த வினை. அந்த வினை ஒரு நோயாளியின் இரைப்பைக்குள் நடந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அமிலங்களின் பாடத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வலிமை மிகு அமிலம், வலிமை குறை அமிலம் என்று பிரிக்கிறோம். எந்த அளவுக்கு அயனியாகப் பிரிகிறது என்பதே இந்தப் பிரிப்பின் அளவுகோல். மாணவரின் மனத்தில் அது ஆபத்தின் அளவுகோலாகப் பதிந்துவிடுகிறது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இந்தப் பிரிப்பின்படி வலிமை குறைந்தது. ஆனால் நான் பெயர் சொல்ல அஞ்சுகிற அமிலம் ஒன்று உண்டென்றால் அதுதான். அதிகம் அயனியாகாமல் மூலக்கூறாகவே இருப்பதால்தான் அது தோலைக் கடந்து ஆழத்துக்குப் போகிறது. நீர்த்த கரைசல் பட்டால் பல மணி நேரம் வலியே தெரியாமல் இருக்கலாம். உள்ளே ஃபுளூரைடு அயனி உடலின் கால்சியத்தைப் பிடித்துக் கரையாத கால்சியம் ஃபுளூரைடாக்கிவிடும். கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். உடனே நிறைய நீரால் கழுவிக் கால்சியம் குளூக்கோனேட் களிம்பு தடவ வேண்டும், மருத்துவரிடம் விரைய வேண்டும். வலிமை குறை அமிலங்களின் பட்டியலில் அசிட்டிக் அமிலத்துக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்வது சரியா என்று உங்களைக் கேட்கிறேன்.

அம்மோனியம் நைட்ரேட்டில் உள்ள இரண்டு நைட்ரஜன் அணுக்களின் ஆக்சிஜனேற்ற எண்களைக் காண்க. இந்த வினாவை எழுதாத வினாத்தாளே இல்லை எனலாம். குறை 3, மிகை 5 என்று விடை எழுதுகிறார்கள். ஒரே உப்புக்குள் எலக்ட்ரானைத் தரக்கூடிய நைட்ரஜனும் வாங்கத் துடிக்கும் நைட்ரஜனும் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதே அந்த விடையின் பொருள். சாதாரணமாக அது அமைதியான உரம். பெரும் குவியலாக அடைத்துவைத்து, தீயோ மாசுகளோ சேரும்போது என்ன ஆகும் என்பதை 1947இல் டெக்சாஸ் சிட்டி துறைமுகமும், 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகமும் காட்டின. பெய்ரூட்டில் சேமித்து வைத்திருந்தது 2,750 டன். இறந்தவர்கள் 200க்கும் மேல். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அடியில் இரண்டு வரி சேர்த்தால் அந்தக் கணக்குக்குப் பொருள் வந்துவிடும்.

வாயுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்ஃபைடை அழுகிய முட்டை நாற்றத்தால் கண்டறியலாம் என்று எழுதுகிறோம். காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கைத் தொட்டதும் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிடும், ஆனால் வாயு நிற்காது. நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று நினைத்துக் குழிக்குள் இறங்குகிறவரை அந்த ஒற்றை வரி காப்பாற்றும். அடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள வெளுப்புத் திரவம். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வெளிவரும், அம்மோனியாவோடு கலந்தால் குளோரமின் வெளிவரும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. கழிவறையைச் சுத்தம் செய்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய இந்த இரண்டு வினைகளும் எத்தனை நூல்களில் சமன்பாடாக இருக்கின்றன?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பேச வேண்டும். நம் நூல்களே அழைத்து வரும் ஆபத்து அது. அம்மோனியம் டைகுரோமேட்டைப் பற்றவைத்து எரிமலை காட்டும் சோதனையை அழகான வண்ணப் படத்தோடு இன்னும் சிலர் அச்சிடுகிறார்கள். ஆரஞ்சுத் தூள் தீப்பொறி கக்கிப் பச்சையாகப் பொங்குவது கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. பச்சையாக வருவது குரோமியம் மூன்று ஆக்சைடு. தொடக்கத்தில் இருந்ததும், வினைபுரியாமல் தூசியாகப் பறப்பதும் குரோமியம் ஆறு. குரோமேட் அயனியின் வடிவம் சல்ஃபேட்டை ஒத்திருப்பதால் செல்கள் அதைச் சல்ஃபேட் என்று ஏமாந்து உள்ளே விடுகின்றன. உள்ளே போனதும் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. மூச்சு வழியே போகும் குரோமியம் ஆறு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. குரோமியம் மூன்று அவ்வளவு எளிதில் செல்லுக்குள் புகாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அந்தப் படத்தை மட்டும் அச்சிடாதீர்கள். திறந்த மேசையில் மாணவர்களுக்கு நடுவே செய்துகாட்டும் சோதனையாக அதைப் பரிந்துரைப்பதை அடியோடு கைவிடுங்கள்.

இப்படியெல்லாம் எழுதினால் பிள்ளைகள் வேதியியலைக் கண்டே பயந்துவிடுவார்கள் என்று ஒரு மறுப்பு வரும். நான் கண்டது வேறு. பெயரே தெரியாத பொருள்தான் பயத்தைத் தருகிறது. எந்தப் பொருள், எந்த வடிவில், எவ்வளவு, எந்த வழியாக என்று கேட்கப் பழகிய மாணவர் சோடியம் பைகார்பனேட்டைக் கண்டு அஞ்சமாட்டார், சோடியம் ஹைட்ராக்சைடைக் கையால் தொடவும்மாட்டார். இரண்டிலும் சோடியம் இருக்கிறது. முன்னதன் கரைசலின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 8ஐச் சற்றே தாண்டும். பின்னதன் அடர்கரைசல் 14ஐ எட்டும், கண்ணில் பட்டால் திசுவையே சோப்பாக மாற்றிக்கொண்டு உள்ளே போகும். தனிமம் நஞ்சு என்பதால் சேர்மமும் நஞ்சாகிவிடாது, தனிமம் சாது என்பதால் சேர்மமும் சாதுவாகிவிடாது. நைட்ரஜனும் கார்பனும் நம் உடம்பெல்லாம் இருக்கின்றன, அவை இரண்டும் சேர்ந்ததுதான் சயனைடு அயனி. இந்தத் தெளிவு வந்துவிட்டால் வீண் பயமும் போகும், வீண் துணிச்சலும் போகும்.

பாடச்சுமை கூடும் என்பார்கள். கூடாது. உருப்போட வேண்டிய பெயர்களில் பத்தைக் குறையுங்கள். வாழ்நாளில் யாரும் எதிர்கொள்ளாத சேர்மங்கள் அந்த அட்டவணையில் எத்தனையோ இருக்கின்றன.

கட்டத்தில் என்ன எழுதுவது என்று நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வேதிப்பொருள்களை வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்கென்று 2003இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலகப் பொது முறையில் ஒன்பது ஆபத்துக் குறிகள் இருக்கின்றன. மண்டையோடு, அரிப்பைக் காட்டும் குறி, வட்டத்தின் மேல் சுடர் என்று பார்த்ததும் புரியும் படங்கள். வட்டத்தின் மேல் சுடர் என்றால் ஆக்சிஜனேற்றி, தான் எரியாவிட்டாலும் மற்றவற்றை எரியவைப்பது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் வாய்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கு அந்தக் குறி அதன் குப்பியில் ஏன் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெயரும் வாய்பாடும் போக, சி.ஏ.எஸ். எண் என்று ஓர் அடையாளப் பதிவெண் ஒவ்வொரு சேர்மத்துக்கும் உண்டு. பேரியம் சல்ஃபேட்டுக்கு 7727-43-7, பேரியம் கார்பனேட்டுக்கு 513-77-9. மொழி மாறினாலும் மாறாத எண்கள் இவை. மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, அப்படி ஒன்று இருப்பதையும் குப்பியில் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

லேபிள் எழுதுவதையே ஒரு பயிற்சியாக வையுங்கள். ஒரு கரைசலைத் தயாரித்ததும் முழுப்பெயர், வாய்பாடு, செறிவு, தேதி, ஆபத்துக் குறி எல்லாவற்றையும் எழுதி ஒட்டினால்தான் அந்தச் சோதனை முடிந்ததாகக் கணக்கு. படிக நீரையும் விடாமல் எழுத வேண்டும். ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த காப்பர் சல்ஃபேட்டின் மோலார் நிறை 249.7 கிராம், நீரற்றதற்கு 159.6 கிராம். ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்தால் செறிவே தப்பாகிவிடும். 1942இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கரப்பான் பூச்சிக்காக வைத்திருந்த சோடியம் ஃபுளூரைடைப் பால் பொடி என்று நினைத்து ஒரு மருத்துவமனைச் சமையலில் சேர்த்துவிட்டார்கள். 47 நோயாளிகள் இறந்தார்கள். வெள்ளைத் தூள்களைக் கண்ணால் பிரிக்க முடியாது. எழுத்தால்தான் பிரிக்க முடியும். அந்த எழுத்தைப் படிக்கவும் எழுதவும் கற்றுத்தரும் இடம் உங்கள் நூல்.

வினாத்தாள் மாறாமல் வகுப்பறை மாறாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே தேர்வில் இப்படிக் கேளுங்கள்: ஒரு குப்பியின் லேபிளில் பேரியம் என்ற சொல் மட்டும் தெரிகிறது, மீதி அழிந்துவிட்டது. உள்ளே நீரில் கரையாத வெள்ளைத் தூள். அது சல்ஃபேட்டா கார்பனேட்டா என்று எந்தச் சோதனையால் அறிவீர்கள்? இரண்டில் எது உடலுக்குள் போனால் ஆபத்து, ஏன்? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் நுரைப்பது கார்பனேட் என்று எழுதுகிற மாணவர் பெயரையும் வாய்பாட்டையும் கரைதிறனையும் பாதுகாப்பையும் ஒரே விடையில் காட்டிவிடுவார்.

அடுத்த பதிப்பு வருவதற்குள் நூல் முழுவதையும் திருத்த முடியாமல் போகலாம். அப்படியானால் ஐந்து இணைகளை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்: நைட்ரேட்டும் நைட்ரைட்டும், பேரியத்தின் சல்ஃபேட்டும் கார்பனேட்டும், பாதரசத்தின் இரு குளோரைடுகள், குரோமியம் மூன்றும் ஆறும், கார்பனின் மோனாக்சைடும் டைஆக்சைடும். அவற்றுக்கான மூன்றாவது கட்டத்தை எழுதிப் பார்த்துச் சரிசெய்ய, நச்சியல் அறிந்த ஒரு மருத்துவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற ஆசிரியர்கள் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்